கடற்பசுவுக்கு இல்லாத காவல்

அரியாங்குப்பம்,
அக்டோபர் 19

சர்வேசுரனுக்குத் தோத்திரம்.

அன்புத் தங்கை பாத்திமாவுக்கு அக்காள் நிர்மலா எழுதுவது. சிஸ்டர் என்றுதான் எழுத வேண்டும், இன்றைக்குக் கை வரவில்லை. நாக்பூரில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு பூசைக்குப் போ. இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஆற்றுப் பாலத்தில் தண்ணீர் ஏறப் பார்க்கிறது.

உன் கடிதம் வந்தது. என் பொண்ணு ரோசா பிரான்சிலிருந்து உனக்குப் போன் செய்து, தன் அப்பா அன்றைக்குத் துண்டால் முகத்தைக் கட்டிக்கொண்டு மருந்தடித்தாரா இல்லையா என்று கேட்டாளாமே. அடக்கத்தன்று கன்னியப்பன் உன்னிடம், அலெக்சாண்டர் அண்ணன் வெறும் முகத்தோடுதான் போனார் என்று சொன்னதை அவளிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறாய். சொல்வதற்கு முன்னால் என்னைக் கேட்டாயே, அது பெரிய உபகாரம். சொல்ல வேண்டாம், பாத்திமா. போனில் இதைப் பேச எனக்குக் குரல் நிற்காது, அதனால் எழுதுகிறேன்.

நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். கத்தரிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த உன் அத்தான் வரப்பிலேயே வாந்தியெடுத்து விழுந்தார். பக்கத்துக் கொல்லைக் கன்னியப்பன்தான் வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வாசலில் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, பதற்றத்தில் 'மருந்து அடிச்சிட்டாருங்க' என்றிருக்கிறான். குடிச்சாரா என்று கேட்டிருக்கிறார்கள். சாராயத்தைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, 'கொஞ்சம் குடிச்சிருந்தாருங்க' என்று சொல்லிவிட்டான். முதல் நாள் சாயங்காலம் இரண்டு பேரும் கடைக்குப் போயிருந்தார்கள், அது அவன் மனசில். பூச்சிமருந்தைக் குடித்துவிட்டார் என்று எழுத்தில் ஏறிவிட்டது. பிறகு அவன் ஸ்டேஷன் வரைக்கும் போய் அழுது பார்த்தான். உடம்பில் விஷம் இருந்தது நிஜம். எந்த வழியாகப் போனது என்று யாரும் திரும்பக் கேட்கவில்லை. நீயும்தானே அதே மருந்தை அடித்தாய், உனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அவனையே மடக்குகிறார்கள்.

இப்போது அவருடைய அண்ணன், குடும்பக் கல்லறையில் தம்பி பெயரை வெட்ட விடமாட்டேன் என்கிறார். தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டவன் பெயர் தங்கள் அப்பா பெயருக்குக் கீழே வரக் கூடாதாம். சபை இப்போது அப்படிச் சொல்வதில்லை என்று சாமியார் வீட்டுக்கே வந்து சொன்னார். கேட்டால்தானே. இது ரோசாவின் காதுக்குப் போனதிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. அப்பா குடிக்கவில்லை, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும்தான் விஷம் ஏறியது என்று பெரியப்பாவுக்கு எழுதிக் கொடுத்து, அடுத்த மாதம் கல்லறைத் திருநாளுக்குள் பெயரை வெட்ட வைக்கிறேன் என்கிறாள். முகம் மூடாமல் இருந்தால்தானே மூச்சில் ஏறும், அதற்குத்தான் முகத்தை விசாரிக்கிறாள்.

இனிமேல் எழுதுவதை நீ படித்துவிட்டுக் கிழித்துவிடு.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தவள் சாப்பிடும்போது தன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடலில் புல் மேய்கிறதே கடற்பசு, அதன் முன்னோர்கள் தரையில் நடந்தவையாம். யானைக்குச் சொந்தமாம். பல கோடி வருஷமாகத் தண்ணீரிலேயே இருந்து பின்னங்கால் போயிற்று, ரோமம் போயிற்று. உடம்புக்குள்ளேயும் சில மரபணுக்கள் கெட்டுப்போயின. யாரும் சொல்லாத செபத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தால், எழுத்து விட்டுப்போனாலும் யாருக்கும் தெரியாது இல்லையா, அந்த மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். அப்படிக் கெட்டதில் ஒன்று, ரத்தத்தில் கொழுப்பைக் கவனித்துக்கொள்கிற ஒரு மரபணு. தண்ணீருக்குள் போனதும் அது ஏன் வேண்டாமல் போயிற்று என்று இன்னும் சரியாகத் தெரியவில்லையாம். ஆனால் நாம் வயலுக்கு அடிக்கிறோமே, அதில் சில மருந்துகளை உடைக்கிறதும் அதே மரபணுதானாம். அடித்த மருந்து மழையில் கடலுக்குப் போனால் கடற்பசுவுக்குக் காவல் கிடையாது. நமக்கு இருக்கா என்று அவர் கேட்டார். 'நமக்கு இருக்குப்பா' என்றாள். ஆளுக்கு ஆள் அதன் பலம் மாறும், அதை நம்பி மருந்தில் விளையாடக் கூடாது என்றும் சொன்னாள். அதற்குள் அவர் கை கழுவ எழுந்து போய்விட்டார்.

அன்றைக்குக் காலையில் கன்னியப்பன் துண்டைக் கட்டிக்கொண்டு, 'மூஞ்சியக் கட்டிக்கினு வாண்ணே' என்றிருக்கிறான். இவர் சிரித்துக்கொண்டே, 'நான் என்னா கடப்பசுவாடா? நம்ம ரத்தத்துலயே காவல் இருக்குன்னு எம் பொண்ணு சொல்லிட்டா' என்றாராம். அவன் ஏதோ வேடிக்கை என்று நினைத்துத்தான் என்னிடம் சொன்னான். நான் துவைக்கிற துணியை எண்ணிப் போடுகிறவள், உனக்குத் தெரியும். மருந்தடிக்க வைத்திருந்த துண்டு இரண்டும் அன்று கொடியிலேயே காய்ந்துகொண்டிருந்தன.

வெறும் முகம் என்று மட்டும் சொன்னால் போதாதா என்பாய். இருபது வருஷமாகக் கட்டாமல் கொல்லையில் இறங்காத மனுஷர். அவள் படித்தவள், அடுத்த கேள்வி ஏன் என்றுதான் வரும். கன்னியப்பனுக்கு ஒளிக்கத் தெரியாது. சத்தியம் வாங்கியிருக்கிறேன், அது எத்தனை நாளைக்கோ.

கட்டிக்கொண்டுதான் போனார் என்று நான் சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை. சித்தி மடத்தில் இருப்பவர், அவர் சொன்னால் நம்புகிறேன் என்கிறாள். நீயும் அப்படியே சொன்னால், ஊர் சொல்வதை அவளும் நம்பிவிடுவாள். தெரிந்துதான் கேட்கிறேன். அப்பா மேல் கோபம் வரும், வரட்டும். கோபப்பட்டுக்கொண்டாவது சாப்பிடுவாள், படிப்பை முடிப்பாள். மற்றது தெரிந்தால் அந்தப் பிள்ளை என்ன ஆகும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவரைக் கேட்டிருந்தாலும், என் பெயர் போனால் போகிறது, பொண்ணை விடு என்றுதான் சொல்லியிருப்பார்.

இதைப் பாவசங்கீர்த்தனத்தில் நான் சொல்லவில்லை. சொன்னால் திருத்திக்கொள் என்பார்கள், நான் திருத்திக்கொள்ளப் போவதில்லை. அதனால் சாமியார் கையால் நன்மை வாங்காமல் இருக்கிறேன். பூசையில் என் வரிசை எழுந்து போகும்போது நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். அவரைப் பார்த்த கண்ணோடேயே என்னையும் பார்க்கிறார்கள். பழகிவிட்டது.

மடத்தில் நீ கொடுத்த வார்த்தைப்பாட்டுக்கு விரோதமாக ஒன்றைக் கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும். அந்தப் பாவத்தை என் பேரில் வைக்கச் சொல்லி ஆண்டவரிடம் மன்றாடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ரோசா உன்னைக் கூப்பிடுவாள். முதலில் சாப்பிட்டாயா என்று கேள். பிறகு அவள் கேட்பாள். யோசிக்காமல் உடனே சொல்லு, தாமதித்தால் கண்டுபிடித்துவிடுவாள்.

மாதா உன் நாவில் வந்து இருக்கட்டும்.

உன் அக்காள்,
நிர்மலா அலெக்சாண்டர்