கிடாத் தோல்

நிஷ் நகரம், யுகோஸ்லாவியா
செப்டம்பர் 1984

என் கண்ணே குல்செரென்,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் மெல்போர்னில் சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கையேந்துகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் பெற்ற மகளுக்குப் பொய் எழுதக் கை வரவில்லை. நீ பதறாமல் படிக்க வேண்டும் என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் தம்பி யாவூஸ் உயிரோடு இருக்கிறான். வலது கையில் வெட்டு, மூன்று விரல்கள் இனி மடங்காது என்கிறார் டாக்டர். லேத் வேலை படித்த கை அது. வெட்டியது உன் அப்பா.

இரும்பாலையில் உலை அணைந்துவிட்டது, துருக்கிக்கே திரும்பிப் போகிறவர்களுக்கு ஜெர்மன்காரன் காசு கொடுக்கிறான் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேனே, அதை வாங்கிக்கொண்டுதான் வேனில் கிளம்பினோம். யாவூஸுக்கு வர மனமே இல்லை. ஜெர்மனியிலேயே பிறந்தவன், பிறந்த ஊரை விட்டுப் போகச் சொன்னால் எந்தப் பிள்ளைக்குத்தான் மனம் வரும்? இத்தனை வருடமும் லீவுக்குப் போகும்போது ஐரோப்பாவை ஜன்னல் வழியாகத்தான் காட்டினீர்கள், கடைசித் தடவையாவது எங்கேயாவது நிறுத்துங்கள் என்று அடம்பிடித்தான். ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க்கில் உன் அப்பா நிறுத்தினார். காபி விலையைக் கேட்டுவிட்டு, "இந்தக் காசுக்கு மாட்டையே வாங்கிக் கறந்து குடிக்கலாம்டா" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார். பிறகு ஒரு தேவாலயத்துக்குள் போனோம். சுவரெல்லாம் தங்கம், வாசலில் ஏழைகளுக்கு ஓர் உண்டியல். சுவரைச் சுரண்டினாலே ஏழைகளுக்குப் போதுமே என்று எனக்குத் தோன்றியது. நம் ஊர் ஆட்கள் மட்டும் என்ன, ஜெர்மனியில் வியர்வை சிந்திய காசை ஊரில் ஆளில்லாத மாடி வீடுகளாகத்தானே கட்டி வைத்திருக்கிறார்கள். யாவூஸ் விளையாட்டாக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினான். உன் அப்பா அங்கேயே, அத்தனை பேர் முன்னால், அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அதன்பிறகு நிஷ் வரும்வரை யாவூஸ் வேனின் பின் சீட்டிலேயே உட்கார்ந்து வந்தான்.

பக்ரீத் பெருநாள் அன்று காலை ஊருக்கு வெளியே வண்டிகள் நிற்கும் மைதானத்தில் நம்மவர்களோடு சேர்ந்து தொழுதோம். பயணத்தில் இருப்பவனுக்குக் ஆடு அறுத்துக் குர்பானி கொடுப்பது கடமையில்லை என்று தொழுகை நடத்திய ஹோஜா எடுத்துச் சொன்னார். உன் அப்பா கேட்டால்தானே. "பயணியாம் பயணி! இருபது வருஷமா நான் வேற என்னவா இருந்தேன்? இன்னைக்குத்தான் என் கையில காசு இருக்கு, இன்னைக்குத்தான் நான் ஆம்பளை" என்றார். அந்தச் சாலையில் வருடந்தோறும் நம்மவர்களுக்கு ஆடு விற்க வரும் மிலூதின் என்பவரிடம் ஒரு கிடா வாங்கினார். அதன் வாயைப் பிளந்து பல் பார்த்தார். இஸ்தான்புல்லில் வேலைக்கு ஆள் எடுக்க வந்த ஜெர்மன் டாக்டர் இவர் வாயையும் இப்படித்தான் பிளந்து பார்த்தானாம், கல்யாணமான புதிதில் சொல்லிச் சிரித்திருக்கிறார். பெருநாள் அன்று அதை நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்லி அவரே அறுத்தார். தோலுரிக்க மிலூதின் கை கொடுத்தார். நல்ல மனிதர், மான்ஹைமில் ரோடு போட்டவர், ஜெர்மன் நன்றாகப் பேசுவார். வேலை முடிந்ததும் தோலையும் தலையையும் எடுத்துத் தன் சாக்கில் போட்டார். உரித்தவனுக்குத் தோலும் தலையும் என்பது அவர்கள் வழக்கமாம். குர்பானியிலிருந்து கூலி கொடுத்தால் குர்பானியே கூடாது என்பது நம் வழக்கம். உன் அப்பா சாக்கைப் பிடுங்கிக்கொண்டு காசை நீட்டினார். "காசுக்கா வந்தேன்? உன் பெருநாளாச்சேன்னு கை கொடுத்தேன்" என்று மிலூதினுக்கு ரோஷம் வந்துவிட்டது. கூலியாகத்தானே கூடாது, அன்பளிப்பு என்று சொல்லிக் கொடுத்துவிடுங்களேன் என்று நான் கெஞ்சினேன். "வாயை மூடுடி" என்றார். அப்போது மிலூதின் சொல்லிவிட்டார், "எலும்பைத் தூக்கிப் போட்டு நாயைத் துரத்துற மாதிரி ஜெர்மன்காரங்க உன்னைத் துரத்தியிருக்காங்க, அதைக் கவ்விட்டுப் போறப்பவும் தோலுக்குச் சண்டையா?" என்று.

அறுத்த கத்தி இன்னும் உன் அப்பாவின் கையில்தான் இருந்தது. ஓங்கியதைப் பார்த்தேன். யாவூஸ் குறுக்கே பாய்ந்ததையும் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே எலும்பு தெரியப் பிளந்துவிட்டது. கிடாயின் ரத்தத்தின் மேலேயே என் பிள்ளையின் ரத்தமும் பீச்சியடித்தது. உன் அப்பா கத்தியோடு மரம் மாதிரி நின்றார். தன் பெல்ட்டைக் கழற்றி யாவூஸின் கையை இறுக்கிக் கட்டியது மிலூதின்தான். தன் லாரியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிள்ளை போயிருப்பான் என்றார் டாக்டர்.

உடம்பெல்லாம் ரத்தத்தோடு மிலூதின் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது போலீஸ் வந்தது, அதற்குள் உன் அப்பாவும் பின்னாலேயே வேனில் வந்திருந்தார். யார் வெட்டியது என்று கேட்டார்கள். உன் அப்பா மோவாயால் மிலூதினைக் காட்டினார். தோலுரித்த கத்தி மிலூதினின் இடுப்பில் இருந்தது, அதுவே போதுமாகிவிட்டது, அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மைதானத்தில் இருந்தவர்களோ நம் ஆளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று எதையுமே பார்க்கவில்லை என்றார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை.

யாவூஸுக்கு நினைவு வந்ததும் மிலூதின்தான் வெட்டினார் என்று அவனும் போலீஸிடம் சொன்னான். ஏனடா என்றேன். "அப்பாவை உள்ள போட்டா நீ எப்படிம்மா பிழைப்பே? அந்த ஆளு உள்ளூர்க்காரன், எப்படியாவது வெளிய வந்துடுவான்" என்று வியாபாரி மாதிரி லாப நஷ்டம் பேசினான். வெட்டுப்பட்டுக் கிடக்கிற பிள்ளை என்றும் பார்க்காமல் அறைந்தேன். அறைந்துவிட்டு அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நேற்று மிலூதினின் மனைவி தெசாங்கா ஒரு தூக்கில் கோழி சூப்பு கொண்டுவந்தாள். ஜெர்மன் தெரிந்த நர்ஸிடம் சொல்லி என்னிடம் கேட்கச் சொன்னாள். "பையன் குடிக்கட்டும். நீங்க அங்கதானே இருந்தீங்க? பார்த்ததைச் சொல்லுங்க, அது போதும்" என்றாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், மனம் ஆறியிருக்கும். யாவூஸ் அந்தச் சூப்பை ஒரு வாய்கூடக் குடிக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

இப்ராஹீம் நபி மகன் மேல் கத்தி வைத்தபோது அல்லாஹ் ஆட்டை அனுப்பித் தடுத்தான். எங்களுக்கோ ஆடு முதலிலேயே அறுபட்டுவிட்டது, அப்புறம் அனுப்ப அவனிடம் என்ன மிச்சமிருக்கும் என்று தொழுகை விரிப்பில் உட்கார்ந்து கேட்டுவிட்டேன். தௌபா, தௌபா, அவன் என்னை மன்னிக்கட்டும். கேட்ட பிறகுதான் உறைத்தது, பிள்ளையைக் காப்பாற்ற ஓர் ஆளை அனுப்பித்தான் இருக்கிறான். அந்த ஆள்தான் இப்போது கம்பிக்குப் பின்னால் இருக்கிறார்.

நீங்களே போலீஸிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். கையை ஓங்கினார், அப்புறம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், நாளைக்குப் போகிறேன் என்றார். தினமும் நாளைக்குத்தான். அதனால் இன்று வாக்குமூலம் எழுதிக் கொடுக்க நான் போகிறேன். நான் கிளம்புவது தெரிந்தும் வேனிலேயே தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார், தடுக்கவில்லை.

என் மேல் கோபப்படு, பரவாயில்லை. அவரை மட்டும் வெறுத்துவிடாதே. குழந்தையின் படத்தை அவருக்கு அனுப்பு, எழுத்தைவிட அதுதான் அவருக்குப் புரியும். மாப்பிள்ளை சண்டைக்கு நிற்கிறவர் என்று எழுதியிருந்தாயே, கத்தி கிடக்கும் சமையலறையில் வைத்து எந்தச் சண்டையும் போடாதே. தம்பிக்கு ஆறுதலாக நாலு வரி எழுது, அவன் விரல்களைப் பற்றி மட்டும் கேட்காதே.

உன் வீட்டில் பரக்கத் பொழியட்டும், உன் பிள்ளை கைகால் சுகத்தோடு நூறு வயது வாழட்டும். இன்றைக்கு இரண்டு காகிதங்களில் நான் கையெழுத்துப் போட வேண்டும். இது முதலாவது.

உன் அம்மா,
நஸ்மியே