மக்காத சட்டை

என்னங்க,

இங்கே எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் நான்தான்.

நீங்கள் போனதிலிருந்து நாலு வருஷமாகப் பயிர் வெளிறிவிடக் கூடாதே என்று யூரியாவை அள்ளி அள்ளிப் போட்டேன். இந்த முறை நெல் கருகருவென்று வளர்ந்து, பால் பிடிக்கும்போதே சாய்ந்துவிட்டது.

அறுப்புக்குப் பிறகு மண் பரிசோதனை செய்யும் அம்மா வந்தார். "பழைய பருத்தித் துணி ஏதாவது புதைச்சு வைங்க. ரெண்டு மாசத்துல மக்கிட்டா மண்ணுல நுண்ணுயிர் நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்றார். கைக்கு அகப்பட்டது நீங்கள் விட்டுப்போன நீலப் பருத்திச் சட்டைதான்.

ரெண்டு மாசம் கழித்து நேற்று தோண்டினேன். ஒரு நூல்கூட இற்றுப்போகவில்லை. மண்ணுக்கு உயிர் வரட்டும், இனி யூரியாவைக் குறைக்கப் போகிறேன்.

சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டேன். பால்காரர் பார்த்துவிட்டு, "அண்ணன் வந்துட்டாராக்கா?" என்றார்.

"ஆமா, உள்ள தூங்குறாரு" என்றேன்.

இப்படிக்கு,
வீட்டிலேயே இருப்பவள்