அவரைக்காய் உரிக்கும் அறை

என் அன்பு அண்ணிக்கு,

ஸ்ரீராம்புரத்தில் பனி இறங்கிவிட்டது. காலையில் பள்ளிக்கூட வாசலில் நின்றால் எதிர் வீடுகூடத் தெரிவதில்லை. மில் சங்கு மட்டும் எங்கிருந்தோ கேட்கிறது. நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு சந்தைக்கு வரும் முதல் அவரைக்காய் இது. பனியில் நனைந்த காயின் அந்தச் சொகடு வாசனை மூக்கில் ஏறியதும், பனிக்குள்ளிருந்து பையோடு நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று ஒரு நொடி நம்பிவிட்டேன்.

உங்கள் அறையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். தேசப்படங்களும் ட்ரில் மேளமும் கிடக்கிற அதே அறைதான். மனதில் பாரம் உள்ள பிள்ளைகள் வந்து பேசட்டும் என்று நீங்கள் கேட்டு வாங்கிய இடம். நான் அதைத் திருத்துகிறேன் பேர்வழி என்று பாயைச் சுருட்டிவிட்டு, ஒரு மேஜை, எதிரெதிரே இரண்டு நாற்காலி போட்டேன். உங்கள் அவரைக்காய்ப் பையைப் பார்த்து, "வீட்டு வேலைய இங்கயே முடிச்சிக்கிறீங்களா அண்ணி?" என்று கேலி செய்தவள்தானே நான்? பிள்ளைகள் வந்தார்கள், நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள், "ஒண்ணுமில்ல டீச்சர்" என்று போய்விட்டார்கள்.

என் ஏழாம் வகுப்பு வள்ளி அதைக்கூடச் சொல்லவில்லை. வீட்டில் ஊதுபத்தி உருட்டுகிறார்கள். அவள் விரல்களில் எப்போதும் கரி. மழைக்காலத்தில் கைக்குழந்தைத் தம்பி பேதியில் போனதிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை. பெயர் கூப்பிட்டாலும் பதில் வராது. "பொங்கல் வரைக்கும் பாக்கலாம். அப்புறம் பேர எடுத்துடலாம், வீட்ல பத்தியாவது உருட்டட்டும்" என்றார் பெரிய டீச்சர்.

போன வாரம் வீட்டுக்கு விருந்தாளிகள். வேறு வழியில்லாமல் அவரைக்காயை அறைக்கே கொண்டுவந்து, தரையில் உட்கார்ந்து கொட்டை உரித்துக்கொண்டிருந்தேன். வள்ளி வந்தாள். கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கை அள்ளிக்கொண்டாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி மெல்லக் கரைந்துகொண்டிருந்தது.

"நான்தான் டீச்சர் தம்பிக்குத் தண்ணி குடுத்தேன்," என்றாள், காயைப் பார்த்தபடியே. "அதனாலதான் செத்துப்போனான். அம்மா என் மூஞ்சயே பாக்கறதில்ல."

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? "எல்லாரும் அதே தண்ணிதானம்மா குடிச்சீங்க? உன் தப்பில்ல கண்ணு" என்றேன். அவள் நம்பவில்லை. நீங்கள் செய்வதுபோல் இன்னும் ஒரு கை காயை அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, மறுநாள் அம்மாவை வரச் சொன்னேன். தரையில் உட்கார்ந்ததும் அந்த அம்மாளின் கைகள் தாமாகவே காயை உரிக்கத் தொடங்கின. வள்ளி சொன்னதைச் சொன்னேன். கைகள் நின்றன.

"அவள ஒரு வார்த்த சொன்னதில்லயே டீச்சர். போன புள்ளைக்கு அப்படியே இவ மூஞ்சி. பாத்தா அழுதுடுவேன், இவ பயந்துக்குவான்னுதான் பாக்காம இருந்தேன்."

வள்ளி வாசலில்தான் நின்றிருந்தாள். அம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் தேசப்படங்களை அடுக்குவதுபோல் எழுந்து போய்விட்டேன், அண்ணி. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மேஜையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உங்கள் பாய் மறுபடி விரித்தாயிற்று. அவரைக்காய் முடிந்தால் பட்டாணி, அதுவும் முடிந்தால் வேர்க்கடலை. அந்த அறையில் எந்தப் பிள்ளையையும் வெறுங்கையோடு என் எதிரில் உட்காரவைக்க மாட்டேன். இது சத்தியம்.

இன்று காலை வகுப்பில் வள்ளி பெயரைக் கூப்பிட்டேன். பழக்கதோஷத்தில் அடுத்த பெயருக்குப் போகப் பார்த்தேன். "உள்ளேன் டீச்சர்" என்று கேட்டது.

கேலி செய்ய இன்னும் உங்களையே தேடும்,
உங்கள் நாத்தனார்
பத்மா