கண்ணாடிக் கதவுக்கு வந்த சிட்டு

என் சுமதிக்கு,

பிளானோவில் டெக்சாஸ் வெயில் இன்னும் தணியவில்லை. நம் மீனா இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள், முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. ஆபீஸில் ஒய்டூகே வேலை, இரண்டாயிரம் பிறப்பதற்குள் கம்ப்யூட்டர்களில் தேதியைத் திருத்தும் வேலை, கழுத்தை நெரிக்கிறது, சனி ஞாயிறும் விடுவதில்லை. இதையெல்லாம் சொல்லிக்கொண்டு போவது, சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடத்தான். உன்னோடு முகம் கொடுத்துப் பேசவே வெட்கமாக இருக்கிறது.

பின்பக்கம் சிவப்பும் மஞ்சளுமாக உன் இரண்டு செம்பருத்தித் தொட்டிகளும் நன்றாக இருக்கின்றன. நீ போன பிறகு சிவப்பில் முதல் பூ வந்த காலையில் அதைப் பறித்து உன் படத்துக்கு வைத்தேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. விடியும்போதே, வண்டு தொடுவதற்கு முன், மொட்டாகவே எல்லாவற்றையும் பறித்துவிடுவேன். எங்கள் வீட்டில் சாமிக்கு அப்படித்தான் பறிப்பார்கள் என்று உனக்குத் தெரியும். நான் காபி குடித்து முடிப்பதற்குள் உன் படத்தின் மேல் அவை விரிந்துவிடும்.

இதை நீ என்னைச் செய்யவிட்டதே இல்லை. "ஏனுங்க, சாமிக்கு ரெண்டு போதுங்க. மீதி அந்தச் சிட்டோட சோறு" என்பாய். எல்லோருக்கும் அது ஹம்மிங்பேர்ட், உனக்கு மட்டும் சிட்டு. கட்டைவிரல் அளவு உடம்பு, ஓயாத சிறகு. "நம்மூர்த் தேன்சிட்டு காம்புல உக்காந்து, பூவோட அடியில ஓட்டை போட்டுக் குடிச்சுட்டுப் போயிரும். இதப் பாருங்க, அந்தரத்துல நின்னுக்கிட்டு மரியாதையா வாசல் வழியா வருது" என்று அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்ப்பாய்.

எம்.எஸ்ஸி. தாவரவியல் படித்துவிட்டு என் விசாவைப் பிடித்துக்கொண்டு வந்தவள் நீ. வேலைக்குப் போகச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அந்த இரண்டு தொட்டிதான் உனக்கு லேப். சிவப்புப் பூவில் தலையை விடும்போது சிட்டின் நெற்றியில் மகரந்தம் ஒட்ட வேண்டும். அந்த நெற்றி போய் மஞ்சள் பூவின் நடுத்தண்டு நுனியில் இருக்கும் ஐந்து பொட்டுகளில் உரச வேண்டும். ஒரே ஒரு காய் பிடிக்க வேண்டும். நம் ஊர்ச் செடிக்கு இந்த ஊர்ச் சிட்டு என்ன பிள்ளை தரும் என்று பார்க்க உனக்கு அவ்வளவு ஆசை.

"பிரஷ்ஷால அந்தத் தூளைத் தொட்டு வச்சிரட்டுமா? ஒரு நிமிஷ வேலை" என்று நான் கேட்டேன்.

"அப்புறம் அது நீங்க வச்ச காயாயிருமுங்க. எனக்கு அது வச்ச காய் வேணும்" என்றாய். அடுத்த கோடைக்கு நீ இல்லை.

வீட்டுக்கு வந்தவர்கள் உன் படத்தைப் பார்த்து உருகினார்கள். அடுத்த தெரு லலிதா ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டெய்லி ஃப்ரெஷ்ஷா பூ வைக்கறீங்களே, இந்தக் காலத்துல யாரு பண்றா?" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது, சுமதி. யாராவது வருகிறார்கள் என்றால் இலைக்குள் கையை விட்டு இன்னும் ஒரு மொட்டு இருக்கிறதா என்று தேடினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

மூன்று வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை. காபியோடு ஹாலில் நின்றிருந்தேன். வெளியே சிட்டு வந்தது. இந்தக் கோடையில் அது வரவே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கும் போல. சிவப்புச் செடியை ஒரு சுற்று சுற்றியது. வெறும் இலை. மஞ்சளுக்குப் போனது. அங்கேயும் வெறும் இலை.

பிறகு நேராகக் கண்ணாடிக் கதவுக்கு வந்து நின்றது. உள்ளே, எதிர்ச்சுவரில் உன் படம். படத்தில் பூக்கள். அது அவற்றையே பார்த்துக்கொண்டு கண்ணாடியில் மூக்கால் ஒருமுறை தட்டியது, இன்னொரு முறை தட்டியது.

மீனா பின்னால் வந்து நின்றாள். "அப்பா, யூ டுக் இட்ஸ் பிரேக்ஃபாஸ்ட்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் படத்திலிருந்து பூக்களை அள்ளிக்கொண்டு வெளியே ஓடி, இலைகளுக்கு நடுவே ஒவ்வொன்றாகச் செருகினேன். நாற்பது வயது ஆள், லுங்கியோடு. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலாகப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்பிக்கொண்டார். சிட்டு அப்போதே போய்விட்டிருந்தது. செருகிய பூக்கள் மதியத்துக்குள் துவண்டு விழுந்தன. உனக்காக என்று சொல்லிக்கொண்டு நீ காத்திருந்ததைத்தானே தினமும் கிள்ளிப் போட்டேன்?

அன்றிலிருந்து பறிக்கவில்லை. இது அவை தெற்கே கிளம்பும் பருவம் என்று நீ சொல்வாய், இனி வராது என்றே பயந்தேன். அதற்கடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. சிவப்பில் நுழைந்து வெளியே வந்தபோது நெற்றியில் மகரந்தத் தூள், திருநீறு தீற்றியது போல. அப்படியே அடுத்த தொட்டிக்குப் போனது. உன்னைக் கூப்பிட வாய் திறந்துவிட்டேன்.

லலிதா ஆன்ட்டி போன வாரம் வந்து, "என்ன, பூ வைக்கறதை விட்டுட்டீங்களா?" என்று கேட்டார். "அது சிட்டோட சாப்பாடு ஆன்ட்டி, நான் எடுத்துட்டிருந்தேன்" என்றேன். இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்பது போலப் பார்த்தார். பார்க்கட்டும்.

நேற்று மஞ்சள் செடியில் ஒன்று கண்டேன். பூ விழுந்துவிட்டது, காம்பு விழவில்லை. அடியில் பச்சையாக, பட்டாணி அளவுக்கு ஏதோ இருக்கிறது. தொடவில்லை. மீனாவையும் தொடவிடவில்லை. இது காய்தானா, சுமதி? உன்னைத் தவிர யாரைக் கேட்பேன்?

குளிர் வந்ததும் தொட்டிகளை அலுங்காமல் கராஜுக்குள் கொண்டு வைக்கிறேன். அது காய்தான் என்றால், முற்றி வெடித்ததும் விதையைப் போடுகிறேன். என்ன நிறத்தில் பூத்தாலும் முதல் பூ உனக்கு இல்லை. சிட்டு வந்து குடித்துவிட்டுப் போகட்டும். சாயங்காலம் சுருண்டு தானாக விழுந்த பிறகு, அதை எடுத்து உன் படத்துக்கு வைக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்,
மீனாவின் அப்பா