இடப்பக்கத்து மரங்கள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவின் கையில் இஸ்திரிப்பெட்டி பட்ட புண் ஆறிவிட்டது. நீ அனுப்பிய ஸ்டீயரிங்கும் பெடலும் உடையாமல் வந்து சேர்ந்தன. ஸ்டீயரிங்கைச் சாப்பாட்டு மேசையில் திருகி மாட்டியிருக்கிறோம். அதனால் இப்போது நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். மேசை எதற்கு வாங்கினோம் என்று அம்மா தினமும் ஒரு முறை கேட்கிறாள்.

உங்கள் கம்பெனியின் இந்த வண்டியோட்டும் விளையாட்டு இன்னும் விற்பனைக்கு வராதது, வெளியாள் யாருக்கும் காட்டக்கூடாது என்று எழுதியிருந்தாய். காட்டுவதற்கு எனக்கு யார் இருக்கிறார்கள்? போனில் கேட்டால் "நல்லா இருக்கு"க்கு மேல் உனக்கு வாய் வராது, எழுதியே அனுப்பு மியூட்டு என்று என் பட்டப்பெயரைச் சொல்லிக் கேலி செய்தாய். அதனால் எழுதுகிறேன். புதிதாக ஆடுபவருக்கு எளிதாகவும், வண்டி ஓட்டிப் பழகியவருக்கு நிஜமாகவும் இருக்கிறதா என்பதுதானே உன் கேள்வி? முதல் பாதிக்கு நான் பதில் சொல்கிறேன். இரண்டாம் பாதிக்கு அப்பாதான் சரி.

முதல் நாள் நான் ஒரே வளைவில் நாற்பது முறைக்கு மேல் பள்ளத்தில் விழுந்தேன். ஒவ்வொரு முறையும் விளையாட்டு என் வண்டியைப் பின்னால் கொண்டுபோய் வைத்து மறுபடி ஓட்ட விட்டது. திட்டவில்லை, சிரிக்கவில்லை, மதிப்பெண்ணைக் குறைக்கவும் இல்லை. இது எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளிக்கூடம் இப்படி இருந்திருந்தால் பத்தாவதோடு நின்றிருக்க மாட்டேன். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும்.

குறைகள் மூன்று. முதலாவது, ஓட்டுபவருக்குத் தரும் உதவிகளை நிலைக்கு நிலை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போகிறது என்று நம்பிப் போனால், மூன்றாம் நிலையிலிருந்து நான்காம் நிலைக்குப் போகும்போது எல்லாம் ஒரேயடியாகப் போய்விடுகிறது. இருட்டில் மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் கால் வைத்தால் நெஞ்சு திடுக்கென்று ஆகுமே, அப்படி இருந்தது. நடுவில் இன்னொரு நிலை வேண்டும். இரண்டாவது, பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்பவரின் தமிழ்க் குரல். "இன்னும் சிறிது தொலைவில் இடப்புறமாகத் திரும்பவும்" என்கிறார். அவர் சொல்லி முடிப்பதற்குள் வண்டி பள்ளத்தில் கிடக்கிறது. "தயவுசெய்து" ஒன்றுதான் பாக்கி. "இடது மூணு, நூறு, வலது அஞ்சு" என்று வைத்தால் போதும். நூறு என்பது அடுத்த வளைவு வரை உள்ள மீட்டர், வளைவின் எண் சின்னதாக ஆக வளைவு கொடியது என்பதை யாரும் ஒரே நாளில் பழகிவிடுவார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். பிரேக் உதவியைப் போட்டிருந்தால் வண்டி தானே வேகம் குறைகிறது. ஆனால் அதை நமக்குச் சொல்வதில்லை. நாமே சரியான நேரத்தில் பிரேக் பிடித்தோம் என்று நினைத்துக்கொள்கிறோம். உதவி வேலை செய்யும்போது ஓரத்தில் ஒரு சிறு விளக்காவது எரிய வேண்டும் அண்ணா. இல்லாவிட்டால் தனக்கு ஓட்டத் தெரியும் என்று ஆடுபவர் நம்பிவிடுவார்.

இனி அப்பா. லாண்டரியிலிருந்து வந்ததும் கைலி மாற்றாமல்கூட உட்கார்ந்துவிடுகிறார். முதல் நிலையில் ஓட்டிவிட்டு, "வண்டி தானா போகுது, இதுல நான் எதுக்கு? பாட்டு கேக்கவா?" என்றார். கடைசி நிலையில் ஓட்டியதும் முகமே மாறிவிட்டது. பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் வருவது, ஈர மண்ணில் பின்சக்கரம் விலகுவது எல்லாம் அச்சு அசல் என்கிறார். "இதைச் செஞ்சவன் ஒரு தடவையாவது பிரேக் இல்லாம கீழ வந்திருக்கான்" என்று சொன்னார். உன் மேலதிகாரியிடம் அப்படியே சொல்.

ஆனால் அப்பா ஓட்டினால் வண்டி ஒவ்வொரு முறையும் மரத்தில் மோதியது. இருபத்திரண்டு வருடமாக மலைப் பாதையில் ஆஸ்பத்திரித் துணி ஏற்றிப் போகிறவர். விளையாட்டின் மேல்தான் பழி போட்டார். "இது வண்டியா, சோப்புக் கட்டியா?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். ஒன்பது மரம். ஒன்பதும் இடப்பக்கம்.

அமைப்புகளில், பார்வை குறைந்தவர்களுக்கு என்று ஒரு பகுதி வைத்திருக்கிறீர்களே, அதை அப்பாவுக்குத் தெரியாமல் போட்டுவிட்டேன். அம்புக்குறிகள் திரையின் நடுவில் பெரிதாக வரும், வழி சொல்லும் குரலும் முன்கூட்டியே வரும். அப்பா அந்தப் பாதையை ஒரு கீறல் இல்லாமல் முடித்தார். முடித்த பிறகு ஸ்டீயரிங்கை விடவில்லை. "நாளைக்கு என்கூட வண்டியில வர்றியாம்மா? சும்மா, காத்தாட" என்றார்.

இன்றோடு ஆறு நாளாகப் போய்க்கொண்டிருக்கிறேன். லாண்டரியில் துணி மடிக்கும் மேசையில் என் இடத்தில் வேறொரு அக்கா நிற்கிறாள். விளையாட்டில் சொல்வது போலவே வளைவுகளைச் சொல்லிக்கொண்டு வரச் சொல்கிறார் அப்பா, ஜாலியாக இருக்குமாம். அடிவாரத்திலிருந்து ஆஸ்பத்திரி வரை முப்பத்தொரு வளைவு. எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

அண்ணா, ஒரே ஒரு சந்தேகம். அந்தப் பார்வைப் பகுதியை அமைத்தவர்கள் கண் மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்தார்களா? ஒரு பக்கம் மட்டும் தெரியாத ஒருவர் அந்த உதவியோடு எவ்வளவு தூரம் சரியாக ஓட்டலாம்? விளையாட்டில்தான் கேட்கிறேன். தெரிந்தால் எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள தங்கை

*

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் பதில் வந்தது. என் அறிக்கையை மேலதிகாரி இரண்டு முறை படித்ததும், பிரேக் உதவிக்கு விளக்கு வைக்கப்போவதும் கேட்டு அம்மாவுக்கு ஒரே பெருமை. லாண்டரியில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. நான் கடைசியில் கேட்ட சந்தேகத்துக்கு மட்டும் நீ, "விசாரிச்சு சொல்றேன்" என்று எழுதியிருக்கிறாய். உன்மேல் தவறில்லை. நான்தான் விளையாட்டைப் பற்றிக் கேட்பது போல எழுதிவிட்டேன்.

இப்போது நேராக எழுதுகிறேன். அப்பாவுக்கு இடப்பக்கம் தெரியவில்லை.

சாப்பிடும்போது தட்டின் இடப்பக்கம் வைத்த பொரியலைத் தொடுவதே இல்லை. அம்மா, பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் சத்தமில்லாமல் இடப்பக்கமாகப் போய் நின்றேன், திரும்பவில்லை. வண்டியில் இரண்டாம் நாள் நானாகவே கேட்டேன். கேட்பதற்கே ஏழு வளைவு ஆயிற்று. அப்பா சாலையைப் பார்த்தபடியே, "மங்கலா இருக்கு, அவ்வளவுதான். முதலாளி காதுல விழுந்தா சாவியை வாங்கிட்டுத் துணி மடிக்க உட்கார வச்சிருவாரு. அம்மாகிட்ட மூச்சு விடாத" என்றார். பிறகு, "நாம ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு டிரைவர்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன் அண்ணா. சிரித்திருக்கக் கூடாது.

முதல் சில நாள் பயம் இருந்தாலும் பெருமையும் இருந்தது. என் குரலைக் கேட்டு ஒரு வண்டி திரும்புகிறது. வகுப்பில் ஒரு வரி வாசிக்க முடியாதவள் மலை முழுக்கப் பேசிக்கொண்டு போகிறேன். "இடது மூணு, சுவர் ஒட்டி. ஐம்பது. வலது ரெண்டு, குறுகல்." அப்பா அப்படியே ஓட்டினார். நோட்டில் இல்லாதது எதுவும் வரவில்லை.

வியாழக்கிழமை வந்தது. காலையில் மழை தூறி விட்டிருந்தது. பதினெட்டாவது வளைவில் சாலை கூட்டுகிற ஒருவர் இடப்பக்கச் சுவரோரம் குனிந்து இலைகளை அள்ளிக்கொண்டிருந்தார். ஆரஞ்சு நிறச் சட்டை. நான் அவரைத் தெளிவாகப் பார்த்தேன். தூரத்திலேயே பார்த்துவிட்டேன். சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. தொண்டை பள்ளிக்கூடத்தில் அடைத்தது போலவே அடைத்துக்கொண்டது. எண் இருந்தால் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. ஆளுக்கு என்ன எண் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. விளையாட்டில் இருக்கிற அந்தக் குரல் எதற்கும் பயப்படுவதில்லை அண்ணா. அதைச் செய்தவர்களுக்கு அது தோன்றியே இருக்காது.

டப் என்று ஒரு சத்தம். அவருடைய கூடை. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். கூடை சாலையில் உருண்டது. அவர் சுவரில் இரண்டு கையையும் விரித்து ஒட்டி நின்றார், பல்லியைப் போல. வாய் திறந்திருந்தது. அடி படவில்லை. ஒரு கை அகலம் நகர்ந்திருந்தால் பட்டிருக்கும்.

அப்பா, "என்னம்மா சத்தம்?" என்றார்.

"கிளைப்பா" என்றேன். அதற்கு மட்டும் வாய் உடனே வந்தது.

திரும்பி வரும்போது அவர் அங்கேயே இருந்தார், இப்போது எங்களுக்கு வலப்பக்கம். அப்பா அவரைப் பார்த்ததும் வழக்கம்போலக் கையை ஆட்டினார். அவர் பதிலுக்கு ஆட்டவில்லை. அப்பாவைப் பார்க்கவும் இல்லை. என்னைப் பார்த்தார். "அந்தாளுக்கு இன்னைக்கு வீட்டுல சாப்பாடு போடல போல" என்றார் அப்பா. நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்ததில் இரண்டு வளைவைச் சொல்லத் தவறினேன். அப்பா பழக்கத்தில் திருப்பிவிட்டார்.

நான் அப்பாவுக்கு உதவி செய்யவில்லை. உங்கள் பிரேக் உதவி செய்வதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். தனக்குத் தெரிகிறது என்று அப்பாவை நம்ப வைத்துவிட்டேன். "கிளை" என்று சொல்லி அதற்கு முத்திரையும் குத்திவிட்டேன்.

இத்தோடு போயிருந்தால்கூட இன்னும் கொஞ்ச நாள் பேசாமல் இருந்திருப்பேனோ என்னவோ. நேற்று முதலாளி அப்பாவைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிப் பேருந்து பழுதாகிக் கிடப்பதால் நாளை திங்கட்கிழமையிலிருந்து காலை ஷிப்ட் நர்சுகள் எட்டுப் பேரை நம் வண்டியிலேயே மேலே கொண்டுபோய் விடச் சொல்லியிருக்கிறார். துணி மூட்டைகளுக்கு நடுவில் பலகை போட்டாயிற்று. அப்பா சரி என்றுவிட்டார். அம்மாவிடம், "இருபத்திரண்டு வருஷத்துல ஒரு கீறல் இல்ல, அதான் என்னை நம்பிக் குடுக்கறாரு" என்றார். அந்த எட்டுப் பேரில் மூன்று பேரை எனக்கு முகம் தெரியும். அழுக்குத் துணியை எண்ணிக் கொடுக்க வருகிறவர்கள். ஒருத்தி என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவள். போன வாரம் தன் கைவளையலைக் கழற்றி என்னிடம் கொடுத்து, போட்டுப் பார் என்றாள்.

நாளை நான் வண்டியில் ஏற மாட்டேன் என்று சொன்னால் அப்பா தனியாகப் போவார். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஏறினால், வாய் வருமா வராதா என்று எனக்கே தெரியாத ஒருத்தியை நம்பி எட்டுப் பேர் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டில் எது மேல் என்று நேற்றிலிருந்து யோசித்துவிட்டேன். இரண்டுமே கூடாது.

நீயே அப்பாவிடம் சொல்லிவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதி அழித்துவிட்டேன். நீ சொன்னால் அப்பா உன்னிடம் ஒன்றும் பேச மாட்டார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "அப்படியாம்மா? நாம ஓட்டும்போது எதாவது ஆச்சா?" என்று கேட்பார். நான் தலையைக் குனிவேன். அது அவருக்குப் போதும், சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கூடையைப் பார்த்தவள் நான். நான்தான் சொல்ல வேண்டும். அம்மாவும் கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் அவள் விடமாட்டாள்.

தபாலுக்கு நேரமில்லை, இந்தக் கடிதத்தைப் போனில் படம் பிடித்து இன்று இரவே அனுப்பிவிடுகிறேன். அப்பா ஆறு மணிக்குக் கிளம்புவார். நாளைக் காலை சரியாக ஐந்தரைக்குக் கூப்பிடு. அப்பாவின் போனுக்குக் கூப்பிட்டு, அம்மாவும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போடச் சொல். எனக்கு அவர்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டு பேச வராது என்று உனக்குத் தெரியும். ஆனால் எதிர்முனையில் நீ இருக்கிறாய் என்றால் முயன்று பார்ப்பேன். "தங்கச்சி ஒண்ணு சொல்லணுமாம்" என்று மட்டும் சொல். வேறு எதுவும் சொல்லாதே.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் கேட்காது. லைன் கட்டாகிவிட்டது என்று அப்பா சொல்வார். ஹலோ ஹலோ என்பார். நீ வைத்துவிடாதே அண்ணா. எனக்காக நீ பேசியும் விடாதே. எவ்வளவு நேரமானாலும் லைனிலேயே இரு. நான் சொல்லிவிடுவேன்.

நீ நல்லபடியாக இரு. சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்துக் கட.

இப்படிக்கு,
உன் தங்கை