ஆறு கலை

பசிபிக் நடுவே,
நான்காம் மாதம் 9, 1843

அன்புள்ள கெசையா,

நலம். நம்மூர் நான்டக்கெட்டுக்குத் திரும்பும் கப்பல் ஒன்று எதிர்ப்பட்டது, அவசரமாக எழுதுகிறேன். இந்தத் தடவை நான் கேப்டன், ஞாபகம் இருக்கட்டும். கப்பல் முதலாளி வீட்டு விருந்தில் நீ என் கணக்கைத் திருத்தியதும், "டிரிஸ்ட்ராம், கப்பலுக்கு உன் பெண்டாட்டியையே அனுப்பிடலாம் போலிருக்கே!" என்று அவர் சிரித்ததும் இன்னும் உறைக்கிறது. இனி திருத்தமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாய்.

சூரியனின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் கருவி கீழே விழுந்துவிட்டது. கண்ணாடியில் வரும் அடிவானமும் நேரே தெரியும் அடிவானமும் ஒரே கோடாகச் சேரும்போது முள் சுழியில் நிற்கவேண்டும் அல்லவா? இப்போது சுழிக்கு மேலே ஆறு கலை, அதாவது ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு, காட்டுகிறது. அதைச் சரிசெய்யும் திருகு துருப்பிடித்துத் திரும்பவில்லை. பரவாயில்லை, நண்பகலில் சூரியனின் உயரத்தை எடுத்ததும் ஆறைக் கூட்டிக்கொள்கிறேன். பார், நானே சமாளிக்கிறேன்!

உன்
டிரிஸ்ட்ராம்

கடலில்,
ஒன்பதாம் மாதம் 1, 1843

அன்புள்ள கெசையா,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபம் தீரவில்லையா? விருந்தில் நீ சொன்ன கணக்குதான் சரி. அன்றே தெரியும், ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை.

திமிங்கிலம் தேடி மேற்கே போகிறோம். இருபத்துநான்காம் தேதி வாக்கில் ஒரு பவளப்பாறைத் திட்டைத் தாண்டவேண்டும். அது எங்களுக்குத் தெற்கே பதினைந்து மைலில் கிடக்கும். துணைக் கேப்டனுக்குப் பயம். "இன்னும் கொஞ்சம் தள்ளியே போயிடலாமே, கேப்டன்?" என்றான். "என் கணக்கு மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?" என்று கேட்டேன். போகிற வழியை மாற்றவில்லை.

உன்
டிரிஸ்ட்ராம்

நான்டக்கெட்,
ஒன்பதாம் மாதம் 20, 1843

அன்புள்ள டிரிஸ்ட்ராம்,

நான்காம் மாதம் நீ எழுதியது இன்று காலைதான் வந்தது. வாக்கை மீறுகிறேன், வந்து திட்டிக்கொள். கூட்டாதே, கழி! கருவி ஏற்கெனவே ஆறு கூட்டித்தான் காட்டுகிறது. நீ மேலும் ஆறு கூட்டினால் பன்னிரண்டு கலை பிசகு. கலைக்கு ஒரு மைல். சூரியன் உனக்கு வடக்கே நிற்கிறவரை, நீ நினைக்கிற இடத்துக்குப் பன்னிரண்டு மைல் தெற்கே போய்க்கொண்டிருக்கிறாய்.

இதையே மூன்று பிரதி எழுதி, கிளம்புகிற மூன்று கப்பல்களில் கொடுக்கப்போகிறேன். பக்கத்து வீட்டு ஜெமைமா பார்த்துவிட்டு, "புருஷன்மேல அவ்வளவு ஆசையாடி?" என்றாள். ஆமாம் என்றேன்.

உன்
கெசையா

நான்டக்கெட்,
இரண்டாம் மாதம் 11, 1844

அன்புள்ள டிரிஸ்ட்ராம்,

பாறைத் திட்டைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்தக் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. அந்த இருபத்துநான்காம் தேதி நான் மூன்றாவது பிரதியையும் கொடுத்துவிட்டு, இனிக் கவலையில்லை என்று வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

பதினைந்தில் பன்னிரண்டு போனால் மூன்று. ஏழு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், மூன்று மைல்தான் வருகிறது. நீரோட்டம் எந்தப் பக்கம் இழுத்ததோ, பாறையைக் கடல் வரைபடத்தில் சரியாகக் குறித்திருக்கிறார்களோ, ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு உன் கப்பலைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் பக்கம் எந்தக் கப்பல் போகும் என்று துறைமுகத்தில் கேட்டேன். "அவர் எங்க இருக்காருன்னு தெரிஞ்சாத்தானேம்மா சொல்ல முடியும்?" என்றார்கள். ஏதாவது ஒன்றில் இதைப் போட்டுவிடுகிறேன்.

டிரிஸ்ட்ராம், ஆறைக் கழி. இன்னும் கூட்டிக்கொண்டிருந்தால், கழித்துவிடு.

உன்
கெசையா