எழுதாமல் விட்ட ஆறு நாட்கள்

நியூ ஜெர்சி,
திங்கட்கிழமை.

அன்புள்ள ஸ்வர்ணாவுக்கு,

ஷ்யாமளா எழுதுவது. இன்று காலையும் எழுந்ததும் முதல் காரியமாகச் சமையலறை ஜன்னலின் திரையை இறக்கிவிட்டேன். பல் தேய்த்தது, பால் காய்ச்சியது எல்லாம் அதற்கப்புறம்தான். அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் பள்ளிப் பேருந்து நிற்கும் மூலை தெரியும். இந்த வீடு வாங்கியதிலிருந்து பதினோரு வருஷமாக அந்த வெளிச்சத்தில் நின்று காபி கலந்தவள், மூன்று வாரமாக விளக்கைப் போட்டுக்கொண்டு கலக்கிறேன். அனந்த் காரணம் கேட்டார். குளிர்காற்று வருகிறது என்று சொல்லிவைத்தேன்.

உன் மணியனுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தில்கூட ஆஃபீஸ் சட்டை போட்டிருக்கிறாரே, மனுஷன் மாறவே மாட்டாரா? உன் பிள்ளை ஆர்யனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியையும் பார்த்தேன். உங்கள் டெக்சஸ் வெயிலுக்குக் காப்பெலில் இப்போதே ஏசி போட ஆரம்பித்திருப்பீர்கள். இங்கே தெருவோரத்தில் அழுக்குப் பனி இன்னும் குவிந்து கிடக்கிறது.

வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே, "விடு ஷ்யாமளா, ஊர்ல எல்லாரும் பண்றதுதானே" என்பாய். அதைக் கேட்க எனக்கும் ஆசைதான். அதனால்தான் ஃபோன் பண்ணவில்லை.

லொரேனை உனக்கு நினைவிருக்கும். பதினான்காம் எண் வீடு, தபால் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எங்கள் தெருவில் இருக்கிற ஒரே கறுப்பினக் குடும்பம் அதுதான்; அதுவும் ஒற்றை ஆள். வருஷா வருஷம் என் கொலுவுக்கு மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு வருவார். முழங்கால் வலியோடு ஜமக்காளத்தில்தான் உட்காருவேன் என்பார். ஒவ்வொரு பொம்மையாகக் காட்டி, போன வருஷம் இந்த ஆள் இங்கே இல்லையே, புதுசாகக் குடிவந்தவரா என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைப்பார். சென்ற கொலுவில் அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் விசாலாக்ஷி மாமி தரையில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் பார்த்தேன். லொரேனும் பார்த்தார். நான் சுண்டல் எடுத்துவர உள்ளே போய்விட்டேன்.

லொரேனின் தங்கை மகள் சிமோன். நம் மாளவிகாவோடு பதினொன்றாம் வகுப்பு. அவள் அம்மா டெனிஸ் ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு மூன்று இரவு டியூட்டி பார்க்கிறாள். வீடு மில் ரோட்டுக்கு அந்தப் பக்கம். அந்த ரோட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிக்னலுக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர், ஒரு பள்ளி நிர்வாகம். அந்தப் பக்கம் வேறு ஊர், வேறு பள்ளிகள், கிட்டத்தட்ட எல்லோருமே கறுப்பினத்தவரும் ஸ்பானிஷ் பேசுபவர்களும். கடக்க அரை நிமிஷம் ஆகாது. ஆனால் அந்தப் பக்கம் குடியிருக்கும் பிள்ளை இந்தப் பக்கத்துப் பள்ளியில் படிக்கக் கூடாது என்பது விதி. அம்மாவுக்கு டியூட்டி உள்ள இரவுகளில் சிமோன் பெரியம்மா வீட்டில் தங்குவாள். அந்த முகவரியில்தான் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள்.

ஜனவரியில், ஒரு பல்கலைக்கழகத்தின் கோடை ஆராய்ச்சித் திட்டத்துக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒரு மாணவரைத் தேர்ந்தெடுத்தார்கள். சிமோன் முதல், மாளவிகா இரண்டாவது. மாளவிகா தோளைக் குலுக்கிவிட்டு, "ஷி'ஸ் ஜஸ்ட் பெட்டர், அம்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. மறுநாள் எங்கள் அம்மாக்கள் வாட்ஸ்அப் குழுவில் சாரதா எழுதினாள்: "நம்ம டாக்ஸ்ல அந்த சைடு பசங்க படிக்கறாங்க. நம்ம பசங்க செகண்ட் வரணுமா?" கூடவே, வெளியூர்ப் பிள்ளைகளைப் பற்றிப் பள்ளி நிர்வாகத்துக்குத் தகவல் கொடுக்கும் பக்கத்தின் லிங்க். பதினாறு கட்டைவிரல்கள் விழுந்தன. என்னுடையது விழவில்லை. அப்போது அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆனால் ஜன்னலில் நின்றேன். டெனிஸின் சாம்பல் நிறக் கார் எப்போது வந்து சிமோனை மூலையில் இறக்கிவிடுகிறது என்று இரண்டு வாரம் பார்த்தேன். சென்னையிலிருந்து வந்த தினசரிக் காலண்டரில், ராகு காலத்துக்குக் கீழே, பென்சிலால் நேரத்தைக் குறித்தேன். பத்துப் பள்ளி நாட்கள். திங்களும் வெள்ளியும் கார் வந்தது, மொத்தம் நான்கு நாள். செவ்வாய், புதன், வியாழனில் அவள் லொரேன் வீட்டு வாசலிலிருந்து, ஈரத் தலையைத் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு, கையில் டோஸ்ட்டோடு ஓடிவந்தாள். அது ஆறு நாள். அதையும் குறித்தேன் ஸ்வர்ணா. பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நான்கு நாளை மட்டும் எழுதினேன். "வழக்கமாக" வெளியூரிலிருந்து கொண்டுவந்து விடப்படுகிறாள் என்று எழுதினேன். தமிழ்ச் சங்கத்து மனுக்களை எல்லாம் நான்தானே எழுதுகிறேன். இங்கிலீஷில் ஒரு பிழை கிடையாது. பெயர் கட்டாயமில்லை என்று அந்தப் படிவம் சொன்னது. நான் போடவில்லை.

விதி என்றால் எல்லோருக்கும் விதிதானே என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த இடம் சாரதாவின் பெண்ணுக்குக் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேன்? வயிறு எரிந்துகொண்டே ஒரு ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக்கொண்டு போய் நின்றிருப்பேன். காலண்டரை எடுத்திருக்க மாட்டேன். இத்தனை வருஷத்தில் நான் ஒரு தப்பான வார்த்தை சொன்னதில்லை. நாம் யாருமே சொல்வதில்லை. "அவங்க" என்போம், "அந்த சைடு" என்போம், "சேஃப்டி" என்போம். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

பள்ளியிலிருந்து இரண்டு பேர் காலை ஆறு மணிக்கு லொரேன் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அன்று வெள்ளிக்கிழமை, சிமோன் அங்கே இல்லை. அவள் அலமாரியைத் திறந்து உள்ளாடை வரைக்கும் எண்ணியிருக்கிறார்கள். பல் தேய்க்கும் பிரஷ்ஷைப் படம் எடுத்திருக்கிறார்கள். படுக்கை ஏன் இவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்று கேட்டார்களாம். என் வீட்டில் படுக்கையை மடிக்காமல் வெளியே போக விடமாட்டேன் என்று லொரேன் சொன்னாராம். அதையும் எழுதிக்கொண்டார்களாம்.

அதைக் கேட்டபோது முன்பு இந்த ஊரில் நீ இருந்த அபார்ட்மென்ட்தான் என் கண் முன்னால் வந்தது. நம்மைத் தவிர நம் கணவன்மார்களுக்கு மட்டுமே தெரிந்த கதை. மாளவிகாவுக்கு ஐந்து வயது. நாங்கள் மில் ரோட்டுக்கு அந்தப் பக்கம், லாண்டரிக் கடைக்கு மேலே குடியிருந்தோம். உன் வாடகை லீஸில் எங்கள் பெயரையும் சேர்த்து, இந்தப் பள்ளியில் ஏழு மாதம் படிக்க வைத்தோம். ஒரு நாள் விடிகாலையில் பள்ளியிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்ட, நீ குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, குழந்தை குளிக்கிறாள் என்று சொன்னாய். குழந்தை அப்போது எங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் உன் காபியைக் குடித்து, வாசனை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஒரு கதவைக்கூடத் திறக்காமல் போனார். எத்தனை தீபாவளிக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். நம் சாமர்த்தியம் என்றே இவ்வளவு காலமும் நினைத்தேன். நம் முகத்தைப் பார்த்தால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை, அவ்வளவுதான். சிமோனாவது வாரத்தில் மூன்று இரவு உண்மையாகவே அங்கே தூங்குகிறாள். மாளவிகா உன் வீட்டில் ஒரு இரவுகூடத் தூங்கியதில்லை.

விசாரணை முடியும்வரை சிமோன் வகுப்புக்கு வரலாம். ஆனால் அந்தக் கோடைத் திட்டத்துக்கு அவளை அனுப்ப முடியாது என்று பள்ளி சொல்லிவிட்டது. இடம் மாளவிகாவுக்கு வந்தது. அனந்த் இந்தியாவுக்கு, எங்கள் இரண்டு பேர் வீட்டுக்கும் ஃபோன் போட்டுச் சொன்னார். மாளவிகா வேண்டாம் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன், அவள் சொல்லவில்லை. யாராவது ஒருத்தர் போகத்தானே வேண்டும் என்றாள். அன்றிலிருந்து பேருந்து வேண்டாம், அப்பா காரில் விடட்டும் என்கிறாள். ஒரு நாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "சம்படி ஸ்னிட்ச்ட் ஆன் ஹர். ஹூ ஈவன் டஸ் தட், அம்மா?" என்று கேட்டாள், யாரோ அவளைக் காட்டிக்கொடுத்திருக்கிறார்கள், யார் இப்படிச் செய்வார்கள் என்று. நான் ரசம் வேண்டுமா என்று கேட்டேன்.

சென்ற புதன்கிழமை லொரேன் எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை, பூட்ஸ் ஈரம் என்றார். இந்த வாரம் வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்குப் பள்ளி போர்டு முன்னால் கடைசி விசாரணை. தோற்றால் சிமோன் இந்த மாதமே பள்ளியை விட்டுப் போக வேண்டும். அவள் எங்கே தூங்குகிறாள் என்பதற்கு லொரேனிடம் எந்தக் காகிதமும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீ தினமும் காலையில் அந்த ஜன்னலில் நிற்கிறவள். அவள் என் வீட்டிலிருந்து வருவதை நீ பார்த்திருப்பாய். பார்த்ததை எழுதிக் கொடு, அது போதும். நீ சொன்னால் நம்புவார்கள்."

கடைசி வாக்கியத்தை அவர் குத்தலாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வது போலச் சொன்னார்.

கணவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். யார் காட்டிக்கொடுத்தது என்று லொரேனுக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகமே இல்லை. பக்கத்து வீட்டு கார்ல், எண்பது வயது வெள்ளைக்காரர், இலை விழுந்தாலும் டவுனுக்குப் புகார் எழுதுகிறவர், அவர்தான் என்கிறார். இல்லை என்றும் நான் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. லொரேன் தினமும் கார்லின் பேப்பரை எடுத்து அவர் வாசற்படியில் வைப்பார். பள்ளி ஆட்கள் வந்துபோன நாளிலிருந்து வைப்பதில்லை. அந்தக் கிழவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பனிக்குள் நடந்துபோய்க் குனிந்து எடுப்பதை இரண்டு நாள் பார்த்தேன். அதற்குப் பிறகுதான், மூன்று வாரத்துக்கு முன்னால், திரையை இறக்கினேன்.

அனந்திடம் நிஜமாகவே கேட்டேன். புகார் கொடுத்தது நான் என்று சொல்லாமல், லொரேன் கடிதம் கேட்கிறார் என்று மட்டும் சொன்னேன். "நமக்கு எதுக்கு வம்பு? ரூல்னா ரூல்தான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அப்புறம் நம்ம பழைய அட்ரஸ் கதையை எவனாவது கிளறப்போறான்" என்றார். அவருக்கும் மறக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

ஐந்து நாளாக அந்தக் கடிதத்தை மனசுக்குள் எழுதிப் பார்க்கிறேன். நல்ல பக்கத்து வீட்டுக்காரியாக, ஆறு நாளை மட்டும் எழுதிக் கொடுத்துவிடலாம். சிமோன் பிழைத்துக்கொள்வாள். லொரேன் என்னைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்வார். அடுத்த கொலுவுக்கும் வருவார். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. அந்த நன்றியை வாங்கிக்கொண்டு நான் எப்படி அவருக்குச் சுண்டல் கொடுப்பது? அதுவும் இல்லாமல், யாரோ பெயரில்லாதவர் எழுதிய நான்கு நாளுக்கும் நான் எழுதும் ஆறு நாளுக்கும் நடுவில் போர்டு எதை நம்பும்? இரண்டும் ஒரே காலண்டர், ஒரே பென்சில் என்று சொன்னால்தான் அவர்கள் நம்பியாக வேண்டும்.

ஸ்வர்ணா, விசாரணையில் என்னைப் பற்றிக் கேட்டால் அந்த ஏழு மாதத்தையும் சொல்லிவிடுவேன். உன் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் பழைய லீஸை யாராவது தேடி எடுத்தால் அதில் நீ இருப்பாய். நீ எனக்கு நல்லது செய்தாய். அதற்கு நான் செய்கிற கைம்மாறு இப்படி இருக்கிறது. மணியனிடம் நீயே பக்குவமாகச் சொல். என்மேல் கோபம் வந்தால் பேசாமல் இருந்துவிடாதே, நாலு வரியில் திட்டியாவது எழுது. ஆர்யன் புது ஊரில் போய் நல்லபடியாகப் படிக்கட்டும். அவன் கதவை யாரும் விடிகாலையில் வந்து தட்ட வேண்டாம்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வெள்ளிக்கிழமைக்கு முன் வராது. நீ என்னைத் தடுக்க முடியாதபடி கணக்குப் பார்த்துத்தான் தபாலில் போடுகிறேன். அனந்துக்கும் மாளவிகாவுக்கும் இன்னும் எதுவும் தெரியாது. அவர்களுக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். நாளை மத்தியானம் லொரேன் வீட்டுக் கதவைத் தட்டி, வாசலிலேயே நின்று, அது கார்ல் இல்லை, நான்தான் என்று சொல்லப்போகிறேன். அதைக் கேட்ட பிறகும் வியாழக்கிழமை நான் வேண்டும் என்று அவர் சொன்னால், பத்து நாளையும் எடுத்துக்கொண்டு என் பெயரோடு போவேன். வேண்டாம் என்றாலும் போவேன்.

இப்படிக்கு,
உன் மன்னிப்புக்குக் காத்திருக்கும்
ஷ்யாமளா